கம்மாபுரத்தின் கேள்விக்கு எந்த அமைச்சர் பதில்?

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு தண்ணீருக்கு வந்துவிடும். போர் எத்தனை அடி இறக்கியது, மோட்டாரை எத்தனை தடவை கீழே தள்ளிக் கட்டியது, அப்பா காலத்தில் எந்த ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது என்று. அடுத்தது நிலம். யாருக்கு நோட்டீஸ் வந்தது, யாருக்கு இழப்பீடு நிலுவையில் கிடக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைக்கு நெய்வேலி சுரங்க நிறுவனத்தில் வேலை கிடைத்தது, கிடைத்த வேலை நிரந்தரமா ஒப்பந்தமா. எல்லாம் பேசி முடித்தபின் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இதையெல்லாம் யாரைப் போய்க் கேட்பது?

கேட்பதற்கென்றே நாட்டில் இரண்டு மன்றங்கள் இருக்கின்றன. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 234 பேர் உட்காரும் சட்டப்பேரவை ஒன்று. டெல்லியில் நாடாளுமன்றம் ஒன்று. இரண்டிலும் கேள்வி நேரம் உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டிய நேரம் அது. ஆனாலும் கம்மாபுரத்துக்காரரின் கேள்வி அந்த நேரத்துக்குள் நுழைவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஒரு வயல், நான்கு அமைச்சர்கள்

பழுப்பு நிலக்கரி தோண்டும் ஒன்றிய அரசின் நெய்வேலி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கனத்த மண், கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர். அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பீறிடும். அதனால் சுரங்கம் ஓடும் வரை பம்புகளும் இரவு பகலாக ஓடியாக வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பாசனத்துக்குப் போகிறது, ஏரிகளை நிரப்புகிறது. அதே இறைப்புதான் எங்கள் போரைக் கீழே தள்ளியது என்று சுற்றுவட்டார விவசாயிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். மூன்றாவது சுரங்கம் பற்றிய பேச்சு கிளம்பும்போதெல்லாம் கம்மாபுரம் பக்கத்து ஊர்களில் தூக்கம் போய்விடுகிறது.

இப்போது ஒரு விவசாயி தன் வயல் வரப்பில் நின்றுகொண்டு கேட்கிறார் என்று வையுங்கள். சுரங்கம் இந்தப் பக்கம் வருமா? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒன்றிய நிலக்கரி அமைச்சர். என் நிலத்தை எடுக்க நோட்டீஸ் கொடுத்தது யார்? மாநில வருவாய்த் துறை அலுவலர். தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது. ஓடையில் வரும் தண்ணீர் ஏன் நிறம் மாறியிருக்கிறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வைத்திருக்கும் சுற்றுச்சூழல் அமைச்சரைக் கேட்க வேண்டும். ஏரி தூர் வாரவில்லையே? அது நீர்வளத் துறை. ஒரே வரப்பு, ஒரே மனிதர், நான்கு அமைச்சர்கள். அதிலும் ஒருவர் டெல்லியில், மற்றவர்கள் சென்னையில்.

சட்டப்பேரவை விதிகளின்படி மாநில அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேள்வியாக அனுமதிக்க முடியாது. நாடாளுமன்ற விதிகளோ மாநில அரசின் பொறுப்பில் உள்ளதை அங்கே கேட்க விடுவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விதியும் நியாயம்தான். அமைச்சரின் கையில் இல்லாத காரியத்தை அவரிடம் கேட்டு என்ன பயன்? ஆனால் சுரங்கம் தோண்டுவது டெல்லியும் நிலம் எடுத்துத் தருவது சென்னையுமாக இருக்கும் ஊரில், இரண்டு நியாயமும் சேர்ந்து மக்களை நடுத்தெருவில் நிறுத்திவிடுகின்றன. இங்கே கேட்டால் அது ஒன்றிய அரசின் நிறுவனம் என்பார்கள். அங்கே கேட்டால் நிலம் எடுப்பு மாநில அரசின் வேலை என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பதிலும் வரவில்லை.

ஆகவே இந்த மண்ணுக்காகக் கேள்வி எழுதும் உறுப்பினர், பேனாவை எடுப்பதற்கு முன் எந்தப் பகுதியை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று பிரித்துவிட வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே வாரத்தில் ஒரே விஷயத்தை, ஆளுக்கு ஒரு பாதியாக, இரண்டு மன்றங்களிலும் கேட்டால்தான் முழுப் பதில் சேரும். கட்சி வேறாக இருந்தால் என்ன? கேள்வித்தாளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது.

'ஆவன செய்யுமா?'

மக்களவையில் கேள்வி கொடுக்க 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு உடுக்குறியிட்ட வினாக்கள் 20, உடுக்குறியிடாதவை 230. உடுக்குறி என்றால் நட்சத்திரக் குறி. அந்தக் குறி இருந்தால் அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். குறி இல்லாவிட்டால் எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. குறியிட்ட 20-இலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறுதான் எட்டும். மீதிக்கு எழுத்துப் பதில். யார் கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கலில். சட்டப்பேரவையிலும் உடுக்குறி இட்டது, இடாதது என்ற பிரிவு உண்டு. அமைப்பு ஏறத்தாழ இதேதான்.

பேரவையின் வினாத்தாளை எடுத்துப் பார்த்தால் ஒரு சொல்லாட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இன்ன ஊரில் துணை மின்நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? இன்ன ஊர் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா? தடுப்பணை, பாலம், புதிய பேருந்து வழித்தடம், எல்லாவற்றுக்கும் அதே வால். பதிலும் அதே அளவுக்குப் பழகிப்போனது. கருத்துரு பெறப்பட்டால் பரிசீலிக்கப்படும். நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும். தற்போது அத்தகைய உத்தேசம் ஏதும் இல்லை. முதல் பகுதிக்கு 'இல்லை' என்று வந்துவிட்டால் இரண்டாம் பகுதிக்கு 'கேள்வி எழவில்லை' என்று வரும். பள்ளியும் பாலமும் வேண்டும் என்று உறுப்பினர் கேட்பதில் தவறே இல்லை. அது அவருடைய கடமை. ஆனால் அது கோரிக்கை. அமைச்சரைக் கணக்குச் சொல்ல வைக்கும் கேள்வி வேறு வகை.

ஒரு மாதிரி எழுதிப் பார்ப்போம். 'நிலம் கொடுத்தவர்களுக்கு உரிய இழப்பீடு வழங்க அரசு ஆவன செய்யுமா?' என்று கேட்டால் 'ஆவன செய்யப்பட்டு வருகிறது' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அதையே இப்படி எழுதலாம். வருவாய்த் துறை அமைச்சர் கீழ்க்காணும் விவரங்களைத் தெரிவிப்பார்களா: (அ) கம்மாபுரம் ஒன்றியத்தில் சுரங்கத் தேவைக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலங்களில், இன்ன தேதி வரை இழப்பீடு வழங்கப்படாத உரிமையாளர்கள் ஊர்வாரியாக எத்தனை பேர், (ஆ) அவற்றில் பட்டாப் பெயர் மாற்றம் ஆகாததால் நிற்பவை எத்தனை, நீதிமன்ற வழக்கால் நிற்பவை எத்தனை, (இ) பெயர் மாற்றத்துக்காக ஊரிலேயே சிறப்பு முகாம் நடத்தப்பட்டதா, ஆம் எனில் எந்தத் தேதிகளில்?

இதற்கு 'ஆவன' என்று பதில் சொல்ல முடியாது. எண் சொல்ல வேண்டும், தேதி சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தேடித்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்புகள் பிரிக்கப்படும். கேள்வி அவைக்கு வருவதற்கு முன்பே அதன் வேலை பாதி அங்கே நடந்துவிடும். பழைய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதில் தயாரிக்கும் பதற்றத்திலேயே சில காரியங்கள் முடிந்துவிடும்.

முதல் கேள்வியே கிராமத்துக் கேள்வி

இந்தியாவில் அரசைக் கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டின் கவுன்சில் சட்டத்தில்தான் முதலில் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரி 16 அன்று, பிங்கா மகாராஜா முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றி? அதிகாரிகள் முகாம் போகும் இடங்களில் கிராமத்துக் கடைக்காரர்கள் சரக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதனால் அவர்கள் படும் கஷ்டத்தைப் பற்றி. கேட்டவர் மகாராஜா. கேட்கப்பட்டது கிராமத்து மளிகைக் கடைக்காரருக்காக. இந்த நாட்டின் கேள்வி நேரம் அப்படித்தான் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-க்குப் பிறகு வந்தது. அதுவும் முதலில் மூலக் கேள்வி கேட்டவருக்கு மட்டும்தான். அந்த ஆயுதத்தைக் கூர்தீட்டியவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. 1930-களின் பிற்பகுதியில் டெல்லி மத்திய சட்டசபையில் அவர் எழுந்தால் வெள்ளைக்கார அதிகாரிகள் கோப்பைப் புரட்டத் தொடங்குவார்கள் என்ற அளவுக்கு அவருடைய துணைக் கேள்விகள் பேர் பெற்றவை. எழுத்துப் பதிலைச் செயலாளர் தயாரித்துக் கொடுத்துவிடுவார். துணைக் கேள்விக்கு அமைச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். துறை தன் கையில் இருக்கிறதா, தான் துறையின் கையில் இருக்கிறாரா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி ஒன்று அமைச்சரையே வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957-இல் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம் அது. மக்களவையில் முதலில் வந்த கேள்விக்கு மழுப்பலான பதில் கிடைத்தது. பெரோஸ் காந்தி விடவில்லை. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், தன் அரசையே குடைந்து குடைந்து கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் அமைச்சரைப் பாராட்டிவிட்டுத்தான் கேள்விக்கு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

நம் மாவட்டத்திலும் முன்னோடி உண்டு. காட்டுமன்னார்கோவில் பகுதியிலிருந்து வந்த எல். இளையபெருமாள், நாடாளுமன்ற உறுப்பினராக 1950-களிலும் 60-களிலும் இருந்தார். 1965-இல் அவர் தலைமையில் அமைந்த குழு நாடு முழுவதும் சுற்றி, தீண்டாமை எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்று பதிவு செய்து, 1969-இல் அறிக்கை கொடுத்தது. வன்னியரும் ஆதிதிராவிடரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் இந்த ஊர்களிலிருந்து போன ஒருவர், அரசு கேட்க விரும்பாததைக் கேட்டு எழுதி வைத்தார். கேள்வி கேட்பதற்குத் தைரியம் மட்டும் போதாது, ஊர் ஊராகப் போய் விவரம் சேர்க்கும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

ஐந்து ஒன்றியங்களில் இல்லாத பெயர்

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. டெல்டாவில் ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்பதற்கான சட்டம். கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. கம்மாபுரம் அதில் இல்லை. அன்று எதிர்க்கட்சியான தி.மு.க., திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் ஏன் விடுபட்டன என்று கேட்டது. நியாயமான கேள்விதான். மேல்புவனகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கம்மாபுரத்துக்கும் அதே கேள்வி பொருந்தும். இங்கேயும் நெல், கரும்பு, உளுந்து. இங்கேயும் விவசாயம்தான் பிழைப்பு. எல்லைக்கோடு எந்த அளவுகோலில் போடப்பட்டது, கம்மாபுரத்தைச் சேர்ப்பது பற்றி அரசு ஆராய்ந்ததா, ஆராய்ந்திருந்தால் அந்தக் கோப்பு என்ன சொல்கிறது? இது முழுக்க மாநிலச் சட்டம். டெல்லியைக் கைகாட்ட வழியே இல்லை. பேரவையில் கூசாமல் கேட்கலாம்.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் கடலூர் மாவட்டத்தின் கிழக்கு சேத்தியாத்தோப்பு, அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டி, தஞ்சை மாவட்டத்தின் வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. ஏப்ரல் 5 அன்று பேரவையில் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்தது. கட்சி வேறுபாடு பாராமல் உறுப்பினர்கள் எழுந்தார்கள். அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தானும் டெல்டாக்காரன் என்று சொல்லி, அனுமதி கொடுக்க மாட்டோம் என்று அவையில் உறுதியளித்தார். பிரதமருக்குக் கடிதம் ஏற்கெனவே போயிருந்தது. ஏப்ரல் 8 அன்று ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்று தொகுதிகளும் நீக்கப்படுவதாக அறிவித்தார். மூன்றே நாள்.

அந்த அறிவிப்பு ஏலப் பட்டியலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் சுரங்கங்களுக்கும் அவற்றின் விரிவாக்கத்துக்கும் அது பொருந்தாது. அந்த இடைவெளி எப்படி வலித்தது என்பது நான்கு மாதத்துக்குள் தெரிந்தது.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவி. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக மண் அள்ளும் இயந்திரங்கள் வயலில் இறங்கின. தரிசு நிலத்தில் அல்ல, நட்டு வளர்த்த நெற்பயிரின் மேல். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடிய பயிர். பச்சைப் பயிர் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தில் சேறோடு சேறாகப் புரண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலம் நிறுவனத்துடையது, இழப்பீடு எப்போதோ கொடுத்தாயிற்று என்பது நிறுவனத்தின் வாதம். எங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது விவசாயிகளின் வாதம். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. நடத்திய போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

அன்று பேரவை நடக்கவில்லை. பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அடுத்து அவை கூடியது அக்டோபரில். நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் மணிப்பூர் விவகாரத்தில் நாள்தோறும் அமளி. ஆக, பயிர் புரண்ட வாரத்தில் அந்த விவசாயிக்காக அமைச்சரிடம் கேட்க அமைதியாக நடந்த மன்றம் எதுவும் இல்லை. கேள்வி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் கேட்டது நல்லதுதான். ஆனால் பயிர் நிற்கும்போதே, எந்தச் சர்வே எண்ணில் எப்போது இறங்கப்போகிறீர்கள், அறுவடைக்குப் பொறுக்க முடியாதா என்று ஒரு அமைச்சரிடம் யாராவது கேட்டிருக்க வேண்டாமா? அவை கூடும் நாட்கள் குறையக் குறைய, இப்படிக் கேட்கப்படாமலே போகும் கேள்விகளின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். 2020 மழைக்காலத் தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் கிடைத்தது.

அவை கூடினாலும் கேள்விக்கு இடமில்லாத வழி ஒன்று உண்டு: பேரவையின் விதி 110. அதன் கீழ் அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அப்போது அதன்மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா ஆட்சிக்காலத்தில் பெரிய திட்டங்கள் பலவும் இதன் வழியாகத்தான் அறிவிக்கப்பட்டன. மேசை தட்டும் சத்தம் கேட்கும். கேள்வி கேட்கும் குரல் கேட்காது. அறிவிப்பு வந்ததும் ஊர் மகிழ்ச்சி அடைவது இயல்பு. அறிவித்த திட்டத்துக்கு நிதி ஒதுக்கியாயிற்றா என்று அடுத்த தொடரில் கேட்பவர்தான் குறைவு.

பதிலுக்குப் பிறகு

அமைச்சர் அவையில் 'செய்வோம்' என்று சொன்னால் அது காற்றில் போகும் வார்த்தை இல்லை. அதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் 1953-இலேயே அமைத்துவிட்டார்கள். அங்கே மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. தமிழ்நாட்டிலும் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய், இன்ன ஆண்டு அவையில் சொன்னது என்ன ஆயிற்று என்று அதிகாரிகளைக் கேட்கும். 2021-க்குப் பிறகு பண்ருட்டி உறுப்பினர் தி. வேல்முருகன் அந்தக் குழுவின் தலைவராக இருந்தார். கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவரே அந்த நாற்காலியில் இருந்தார் என்பதை இங்கே எத்தனை பேர் கவனித்தார்கள்? குழு வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, பழைய பதிலின் நகலோடு போய் நின்றவர்கள் எத்தனை பேர்?

2022 ஜனவரி 6 முதல் பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. இது பெரிய மாற்றம். தன் ஊர்ப் பெயரை அவையில் யார் உச்சரித்தார்கள், யார் உச்சரிக்கவில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 2005-இல் ஒரு வரி எழுதி வைத்தார்கள். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று. சட்டமன்ற உறுப்பினரையும் சாமானியரையும் ஒரே தட்டில் வைத்த வரி அது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதியது. மாற்றி எழுதியதில் அந்த வரி இல்லை. அந்த வரி போன பிறகு, உறுப்பினர் கேட்கும் கேள்வியின் எடை முன்னைவிடக் கூடிவிட்டது. நமக்காக அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவர் கேட்க வேண்டுமானால் விவரம் ஊரிலிருந்து போக வேண்டும். 'தண்ணீர் இல்லை சார்' என்று சொன்னால் அவர் 'ஆவன செய்யுமா' என்று எழுதுவார். எந்தத் தெருவில் எந்த ஆண்டு எத்தனை அடி, எந்தச் சர்வே எண்ணுக்கு எந்தத் தேதியில் நோட்டீஸ், எந்த மனுவுக்கு எந்த அலுவலகம் கொடுத்த ரசீது எண் என்று எழுதிக் கொடுத்தால் அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கம்மாபுரம் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊரிலும் அடுத்து வரும் சபையில், வழக்கமான தீர்மானங்களோடு இந்தக் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு நகல் நாடாளுமன்ற உறுப்பினருக்கு. அதற்கடுத்த சபையில், கேள்வி போனதா, எண் என்ன, பதில் என்ன வந்தது என்று இருவரையும் கேட்கலாம்.